சுமக்கிற சுவர், தொங்குகிற சுவர்

அண்ணை,

உங்கள் மகள் கொண்டுவந்து தந்த அட்டைக் குழாய் ஒரு கிழமையாக என் மேசைக்குப் பின்னால், பருப்பு மூட்டையோடு சாய்ந்தபடி நிற்கிறது. இன்று காலை கடை திறந்த கையோடு அதன் மூடியைக் கழற்றினேன். பழைய தாள், பென்சில் தூள், அதற்கு மேலால் நீங்கள் முழங்காலுக்குப் பூசுகிற அந்தத் தைலம். மணம் மூக்கில் ஏறியதும் மூடியைத் திரும்பவும் போட்டுவிட்டேன்.

எனக்கு எதிலும் சந்தேகம்தான் முதலில் வரும். அது உங்களுக்குத் தெரியும். மாம்பழப் பெட்டி வந்தால் மேல்தட்டைப் பார்க்க மாட்டேன், அடித்தட்டைத்தான் கிளறுவேன். அப்படிப்பட்டவனிடம், நீங்கள் செத்துப்போய் மூன்று வருஷத்துக்குப் பிறகு, லண்டனின் வடக்கே எட்மண்டனிலிருந்து தெற்கே லூயிஷாம் வரைக்கும் கார் ஓட்டிவந்து ஒருத்தி ஒரு குழாயை நீட்டினால் என்ன நினைப்பேன்?

"அங்கிள், அப்பாவின்ட அறையை இப்பதான் கிளியர் பண்ணினனாங்கள். இதிலை உங்கட பேர் எழுதிக் கிடக்கு."

"உள்ளுக்கு என்ன பிள்ளை?"

"தெரியாது. நான் திறக்கேல்லை."

தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன். பார்க்கிங் டிக்கெட் எழுதிப்போடுவார்கள் என்று காரடிக்கு ஓடிவிட்டாள். திறக்கவில்லையாம். யார் திறக்காமல் விடுவார்கள்? ஏதாவது வழக்கு விஷயமோ, என்னிடம் கேட்டு வாங்க வேண்டிய காசு ஏதும் இருக்கிறதோ என்று யோசித்தேன். வண்டு விழுந்த அரிசிப் பையை ஆட்டிக் கேட்பதுபோல் அதைக் காதோடு வைத்து ஆட்டியும் பார்த்தேன். சொன்னால் வெட்கம்தான், ஆனால் உங்களுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது?

உள்ளே இருப்பது என்னவென்று எனக்கு அரைவாசி தெரியும். அதுதான் திறக்க விடவில்லை. என் கடை வேலையை நிறுத்தச் சொல்லி நீங்கள் கவுன்சிலுக்கு ஒரு கடிதம் எழுதினீர்கள். அதில் உங்கள் பெயரைப் போட்டீர்களா, இல்லையா? யாருக்காக எழுதினீர்கள்? இந்த இரண்டு கேள்விக்கும் விடை தெரியாமலேதான் உங்களோடு கதைக்காமல் இத்தனை வருஷத்தைக் கழித்தேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஸ்ட்ரெதமில் ஒரே பெட்ரோல் நிலையத்தில் பகல் ஷிப்ட் செய்த காலத்தில்தான் அந்தப் புத்தகம் உங்கள் கைக்கு வந்தது. பக்கத்துச் சரிட்டிப் பழஞ்சாமான் கடையில் வாங்கினீர்கள். அட்டை கிழிந்த, தலையணை அளவான படப் புத்தகம். முழுக்கச் சிக்காகோ நகரத்துக் கட்டடங்கள். ஊரில் அரசாங்கக் கட்டடப் பகுதியில் கட்டடப் படம் வரைந்துகொண்டிருந்த மனிதன் நீங்கள், இங்கே வந்து கண்ணாடிக்குப் பின்னால் இருந்து சிகரெட் விற்றுக்கொண்டு, ஆள் வராத நேரத்தில் அந்தப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வீர்கள்.

"ஏன் அண்ணை சிக்காகோ? நியூயோர்க் எண்டால் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம், விசாவுக்காவது உதவும்" என்று கேட்டேன்.

"இது முழுக்க எரிஞ்ச ஊர் ஐசே. எரிஞ்ச பிறகு எப்பிடிக் கட்டினவங்கள் எண்டு பார்க்கோணும்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எரிந்த ஊர் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

ஆனால் நீங்கள் சொன்னவற்றை நான் நம்பினேன் என்று நினைக்காதீர்கள். போகாத ஊருக்கு வழி சொல்கிற ஆள் என்றுதான் உள்ளுக்குள் நினைத்தேன். ஆற்றங்கரையில் சோளப்பொத்தி மாதிரி இரண்டு கோபுரமாம், கீழ்ப்பாதியில் அடுக்கடுக்காகக் கார்கள், மேல்பாதியில் சனங்களாம். ஒரு பத்திரிகைக்காரன் கட்டிய கோபுரத்தின் அடிச்சுவரில் உலகத்துப் பெரிய கட்டடங்களின் கல்லெல்லாம் பெயரோடு பதித்திருக்கிறதாம். "வாங்கினதோ, களவெடுத்ததோ? பில் இருக்குமோ?" என்று நான் கேட்க, நீங்கள் தேத்தண்ணி மூக்கில் ஏறச் சிரித்தீர்கள்.

அந்தப் புத்தகத்தில் நீங்கள் திரும்பத் திரும்ப விரிக்கிற பக்கம் ஒன்று இருந்தது. அழகில்லாத ஒரு கட்டடம். பதினாறு மாடி, மண்ணிறச் செங்கல், பூ இல்லை, சிலை இல்லை.

"இதிலை என்ன கிடக்கு?" என்றேன்.

"இந்த வடக்குப் பாதியிலை இரும்புக்கூடு இல்லை. அவ்வளவு பாரத்தையும் செங்கல்தான் சுமக்குது. அதாலை அடியிலை சுவர் ஆறடித் தடிப்பு. தெற்குப் பாதி ரெண்டு வருசம் கழிச்சுக் கட்டினது. அது இரும்புக்கூடு. சுவர் சும்மா சட்டை மாதிரித் தொங்குது. ஒரே கட்டடம். ஒரு பாதி சுமக்குது, மற்றப் பாதி தொங்குது. வெளியாலை பாத்தால் தெரியாது."

"பூ ஒண்டும் வைக்கேல்லையோ?"

"முதலாளி விடேல்லையாம். உன்னை மாதிரி ஒரு கஞ்சன்."

பிறகு நான் லூயிஷாமில் இந்தக் கடையை எடுத்தேன். முதலில் குத்தகைக்கு, பிறகு கட்டடத்தையே. மேல்வீட்டில் உங்களைக் குடியிருத்தினேன். வாடகை குறைத்துத்தான் தந்தேன், அதையும் சொல்லிக் காட்டியிருக்கிறேன். மரக்கறி வாற வெள்ளிக்கிழமைகளில் நீங்களும் கீழே இறங்கி முருங்கைக்காய் கட்டித் தருவீர்கள். குறை ஒன்றும் இருக்கவில்லை, மீனுக்கு ஒரு பெரிய ப்ரீசர் வாங்க வேண்டும் என்று எனக்கு ஆசை வரும்வரைக்கும்.

ப்ரீசர் வைக்க இடம் இல்லை. லண்டனில் பழைய வீடு ஒவ்வொன்றிலும் இருக்கிறதுபோல் பக்கத்துக் கடைக்கும் எனக்கும் பொதுவான சுவரில் புகைபோக்கி முன்னுக்குத் தள்ளிக்கொண்டு நின்றது. கணப்பு எரித்த காலம் எப்போதோ முடிந்துபோய், வாயை அடைத்துப் பூசிவிட்டிருந்தார்கள். வீணாய்ப் போன இடம். நான் போய்த் தட்டிப் பார்த்தேன். தேங்காய் தட்டுவதுபோல், நடுவிரல் முட்டியால். பொள்ளல் சத்தம் கேட்டது. உள்ளே ஒன்றும் இல்லை, எடுத்துவிடலாம் என்று முடிவு கட்டினேன். தேங்காயில் என் கைமுட்டி ஒரு நாளும் பிழை விட்டதில்லை.

எங்கள் ஊர்ப் பக்கத்து மேசன் ஒருவரைப் பிடித்தேன். அவரும் தட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு நாள் வேலை அண்ணை" என்றார்.

நீங்கள் மூன்று தரம் சொன்னீர்கள். அதை நான் மறைக்கவில்லை.

"தம்பி, அதிலை கை வையாதை. அது புகை போறதுக்காகப் பொள்ளலாக் கிடக்கு. சும்மா நிக்கேல்லை, சுமக்குது. என்ரை அறைக்குள்ளாலை போய், கூரைக்கு மேலை ஒரு வண்டி செங்கல் நிக்குது. அடியிலை எடுத்தால் அவ்வளவும் தொங்கும்."

"அண்ணை, சிக்காகோவிலை பதினாறு மாடிக்குச் சுவர் தொங்குதாம், இஞ்சை ரெண்டு மாடிக்குத் தொங்காதோ?"

"அங்கை தொங்குறதுக்கு இரும்பு கிடக்கு. இஞ்சை என்னத்திலை தொங்கும்? உன்ரை வாயிலையோ?"

நான் சிரித்தேன், ஆனால் நம்பவில்லை. உங்கள் கட்டில் அந்தப் புகைபோக்கியோடுதான் போட்டிருந்தது. வேலை தொடங்கினால் தூசி, சத்தம், ஒரு மாதமாவது நீங்கள் வெளியே போய் இருக்க வேண்டும். அதற்குத்தான் இந்த மனிதன் பாடம் எடுக்கிறார் என்று நினைத்தேன். அதோடு இன்னொன்றும் கண்ணில் பட்டது. பக்கத்துக் கடைக்காரர் என் கட்டடத்தில் கண் வைத்திருந்த ஆள். அந்தக் கிழமை நீங்கள் அவருடைய கடைக்குள் இருந்து தேத்தண்ணி குடித்ததைக் கண்டேன். உங்கள் கையில் அளவு நாடா. என் மேல்வீட்டில் இருந்துகொண்டு அவருடைய கடையில் என்ன அளக்கிறீர்கள்?

வெள்ளிக்கிழமை வான் வந்து நின்றது. பெட்டி இறக்கிக்கொண்டிருக்கும்போது வந்தீர்கள்.

"ஐசே, ஒரு நிமிசம். இதை நீ கட்டாயம் கேக்கோணும்."

"பிறகு அண்ணை, பிறகு. கறிவேப்பிலை வாடுது."

அந்தப் பிறகு வரவில்லை. அடுத்த கிழமை மேசன் வந்து பூச்சை உடைத்து இரண்டு வரிசைச் செங்கல் எடுத்திருப்பார், கவுன்சிலில் இருந்து ஒருவர் வாசலில் நிற்கிறார். கையில் ஒரு மடித்த தாள். வேலையை நிறுத்தச் சொன்னார். எடுத்த செங்கலைத் திரும்ப வைத்துக் கட்டச் சொன்னார். யார் எழுதியது என்று கேட்டேன். சொல்ல முடியாதாம்.

எங்கள் சனத்துக்கு இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது, பெட்டிசம். பெயர் போடாமல் எழுதினால் மொட்டைப் பெட்டிசம். ஊரில் ஒரு மதில் அரை முழம் தள்ளிப் போனால், ஒருவனுக்கு வேலை உயர்ந்தால், மொட்டைப் பெட்டிசம் ஒன்று அரசாங்கக் கந்தோருக்குப் போய்விடும். கடல் தாண்டி வந்தும் அந்தக் குணம் எங்களை விடவில்லை. யார் நல்லாய் வந்தாலும், எவன் எழுதுவான் என்று பார்த்துக்கொண்டுதான் இருப்போம். அதனால் அந்தத் தாளைக் கண்டதும் எனக்கு வேறு யோசனையே வரவில்லை. நேரே மாடி ஏறினேன்.

"பெட்டிசம் போட்டது நீங்கள்தானே?"

"பெட்டிசம் எண்டு சொல்லாதை. கடிதம் எழுதினனான்."

"பேர் போட்டனீங்களோ?"

என்னை அப்படியே பார்த்தீர்கள். "நீ என்ன நினைக்கிறாய்?"

"நீங்கள் அவன்ரை தேத்தண்ணியைக் குடிச்ச ஆள் எண்டு நினைக்கிறன்."

அந்த மாதமே எட்மண்டனுக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். குற்றம் இல்லாத ஆள் ஏன் போகிறார் என்று அதையும் ஒரு சாட்சியாக எடுத்துக்கொண்டேன். அதோடு நிற்கவில்லை. தேர் அன்றைக்குக் கோயில் வீதியில் நின்று, வந்தவன் போனவனுக்கெல்லாம் சொன்னேன், "உந்த மனிசனை வீட்டுக்குள்ளை விடாதையுங்கோ, மொட்டைப் பெட்டிசக்காரன்" என்று. அடுத்த வருஷத் தேருக்கு நீங்கள் வந்தபோது ஆட்கள் உங்களைக் கண்டும் காணாததுபோல் கோபுரத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அதற்குப் பிறகு நீங்கள் இந்தப் பக்கமே வரவில்லை. உங்கள் செத்தவீட்டுக்கு வந்து கடைசி வரிசையில் நின்று, யாரும் கதைக்க முன்னம் வெளிக்கிட்டுவிட்டேன்.

போன கோடையில் உணவுச் சாமான் கண்காட்சி ஒன்றுக்காக நான் சிக்காகோவுக்குப் போனேன் அண்ணை. நீங்கள் போக ஏலாமல் விட்ட ஊர். முதலில் உங்களுக்கு விசாப் பேப்பர்கள் இல்லை, பேப்பர்கள் வந்தபோது முழங்கால் இல்லை. எனக்கு அது ஒரு வியாபாரப் பயணம். மூன்றாம் நாள் பின்னேரம் கிடைத்த நேரத்தில் ஆற்றில் படகு எடுத்தேன். பார்த்து ரசிக்க இல்லை, சரக்குச் சரி பார்க்கத்தான். நீங்கள் சொன்னவற்றில் எது பொய் என்று பிடிக்க வேண்டும்.

சோளப்பொத்திகள் இரண்டும் நின்றன. கீழ்ப்பாதியில் கார்கள், பின்பக்கம் வெளியே தெரிய, விழுந்துவிடும்போல். பத்திரிகைக்காரனின் கோபுரத்தில் கற்கள் இருந்தன. "எங்கட கல் ஒண்டும் கிடையாது" என்று நீங்கள் சொன்னதற்காக ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு போனேன். என் கண்ணில் படவில்லை. காற்று ஆளைத் தூக்கும் என்றீர்களே, அன்றைக்கு ஓர் இலையும் ஆடவில்லை. அதில் மட்டும் கூட்டிச் சொல்லிவிட்டீர்கள் என்று எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

பிறகு அந்த அழகில்லாத கட்டடத்துக்கு நடந்தேன். வடக்குப் பக்கத்தில் சுவர் கீழே வரவரப் பாவாடை விரிந்ததுபோல் வெளியே வளைந்து வந்து நிலத்தில் ஊன்றுகிறது. வாசலில் நின்று சுவரின் தடிப்புக்குள் கையை நீட்டினேன். உள்விளிம்பு எட்டவில்லை. குடையை வைத்து இரண்டு தரம் அளந்தேன். நீங்கள் சொன்ன அளவுதான். வாசல்காரர், வயதான கறுப்பு மனிதர், என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். என்னைப்போல அளக்கிற ஆட்கள் வருவது புதிதில்லையாம். கட்டும்போதே பாரத்தில் தாழும் என்று தெரிந்து கொஞ்சம் உயர்த்தித்தான் கட்டினார்களாம். அவர்கள் நினைத்ததைவிடக் கூடத் தாழ்ந்துவிட்டதாம். "இன்னும் நிற்கிறது" என்றார், தன் வீட்டைப் பற்றிச் சொல்வதுபோல்.

அப்போதுதான் நான் ஒரு விசர் வேலை செய்தேன். நடைபாதையில் நின்று, கோட்டுப் போட்ட சனங்கள் போக வர, வடக்குப் பாதியைத் தட்டினேன். நடுவிரல் முட்டியால். பிறகு அப்படியே நடந்து தெற்குப் பாதிக்குப் போய் அதைத் தட்டினேன். திரும்பி வந்து வடக்கைத் தட்டினேன்.

ஒரே சத்தம், அண்ணை.

சுமக்கிறதும் தொங்குகிறதும் என் கைமுட்டிக்கு ஒரே சத்தம். முப்பது வருஷம் கடை நடத்திய கை. வாசல்காரர் "எல்லாம் சரிதானே?" என்று கேட்டார். ஓம் என்று தமிழிலேயே சொல்லிவிட்டு நடந்தேன். ஆனால் அப்போதும் முழுக்க விட்டுக்கொடுக்கவில்லை. சுவர் விஷயத்தில் நீங்கள் சரி, அது வேறு. பெயர் போடாமல் எழுதியதும், பக்கத்துக் கடைத் தேத்தண்ணியும் வேறு என்று விமானத்தில் எனக்கு நானே வாதாடிக்கொண்டு வந்தேன்.

இன்று பத்து மணிக்கு, கடையில் ஆள் இல்லாத நேரத்தில், குழாயை மேசையில் கவிழ்த்தேன்.

இரண்டு தாள். ஒன்று அந்தக் கடிதத்தின் பிரதி, ஆங்கிலத்தில். நான் முதலில் அடியைத்தான் பார்த்தேன், மாம்பழப் பெட்டிபோல். உங்கள் முழுப் பெயர். கையெழுத்து. முகவரி, என் கடையின் மேல்வீடு. தொலைபேசி இலக்கம்கூட. பிறகுதான் மேலே போய் உங்கள் வரிகளை வாசித்தேன்: பக்கத்துக் கடையில் அவர்கள் பக்கப் புகைபோக்கியை முன்பிருந்த ஆட்கள் எப்போதோ எடுத்துவிட்டார்கள், நான் போய் அளந்து பார்த்தேன், ஆகவே கூரைக்கு மேலிருக்கும் முழுப் பாரமும் இந்தப் பக்கத்தில்தான் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அளவு நாடா. அந்தத் தேத்தண்ணி. வெள்ளிக்கிழமை, கறிவேப்பிலை வாடுது என்று நான் கேட்காமல் விட்ட அந்த ஒரு நிமிஷம்.

கடைசி வரி இப்படி இருந்தது: கடைக்காரருக்கு இது விளங்கவில்லை, அவர் கெட்டவர் இல்லை, தண்டிக்க வேண்டாம், நிறுத்தினால் போதும்.

அப்படியென்றால் அன்றைக்கு மாடியில் நின்று "பேர் போட்டனான்" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே? பிரதி உங்கள் பெட்டிக்குள் இருந்திருக்குமே, எடுத்து என் முகத்தில் எறிந்திருக்கலாமே? இன்றைக்கு மட்டும் இல்லை, இனி எவ்வளவு காலத்துக்கும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கப் போகிறேன். ஒன்று மட்டும் விளங்குகிறது. அப்படிக் கேட்க வந்தவனுக்குக் காகிதம் காட்டித்தான் உங்களை நிரூபிக்க வேண்டும் என்றால், அந்த நிரூபணம் உங்களுக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டீர்கள்.

மத்தியானம் கோயில் ஆட்கள் இரண்டு பேர் சாமான் வாங்க வந்தார்கள். அன்றைக்குத் தேரடியில் நான் சொன்னதைக் கேட்ட ஆட்கள்தான். கடிதத்தைக் காட்டிச் சொன்னேன், "நான் அந்த மனிசனைப் பற்றிச் சொன்னது பிழை. அவர் பேர் போட்டுத்தான் எழுதினவர். என்னைக் காப்பாத்தத்தான் எழுதினவர்."

ஒருவர் கடிதத்தைக் கையில் வாங்கவே இல்லை. "இப்ப ஏன் காணும் இதைக் கிண்டுறீர்?" என்றார். மற்றவர் வெளியே போகும்போது கூட வந்தவரிடம் குசுகுசுத்தது எனக்குக் கேட்டது. "கடையை விக்கப்போறான்போலை. கட்டடத்துக்குக் கெட்ட பேர் வராமல் ஏதோ கதை கட்டுறான்."

நான் ஊட்டி வளர்த்த சந்தேகம், அண்ணை. இப்போது என்னையே வந்து கடிக்கிறது. பரவாயில்லை. வருகிற தேரில் நின்று, அன்றைக்குச் சொன்ன ஒவ்வொருவருக்கும் திரும்பச் சொல்வேன். நம்பாதவன் நம்பாமல் போகட்டும்.

இரண்டாவது தாள் படம். என் கடையை நடுவால் வெட்டினதுபோல் வரைந்திருக்கிறீர்கள். கீழே கடை, மேலே வீடு, அதற்கு மேலே கூரை, கூரைக்கு மேலே அந்த வண்டிச் செங்கல். அங்கிருந்து ஒரு அம்புக்குறி புகைபோக்கி வழியே நேரே இறங்கி வருகிறது. அளவு காட்டுவதற்காகப் படங்களில் ஒரு ஆளை வரைவீர்களே, அப்படி ஒரு ஆள் கீழே நிற்கிறான். சின்ன ஆள், விரல் நக அளவு. வயிறு கொஞ்சம் முன்னுக்கு. காதில் பேனை.

மேலே உங்கள் அறையில் கட்டில் இருக்கிறது, புகைபோக்கியோடு ஒட்டி. கட்டில் வெறுமையாக இருக்கிறது. தன் கட்டிலுக்காகத்தான் கதைக்கிறார் என்று நான் முடிவு கட்டிய மனிதன், தன்னை அந்தப் படத்தில் வரையவே இல்லை. அம்புக்குறியின் நுனியில் நிற்பது நான் மட்டும்தான்.

படத்தைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டச் சொல்லி என் மகள் சொல்கிறாள். சுவரில் ஆணி அடிக்க மனம் வரவில்லை. திரும்பவும் குழாய்க்குள்ளேயே வைத்திருக்கிறேன். யாராவது வந்து புதுக் கட்டடம், பழைய கட்டடம் என்று விலை பேசினால், இனி முதலில் கேட்கப்போகும் கேள்வி உங்களுடையது: இது சுமக்குதோ, தொங்குதோ? சுவரைப் பார்த்து மட்டும் இல்லை, ஆளைப் பார்த்தும் கேட்பேன். தெரியாவிட்டால், தெரிந்தவனைக் கூப்பிட்டு, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை நிற்பேன்.

கடை பூட்ட முன்னம், படத்தில் அந்தச் சின்ன ஆள் நிற்கிற இடத்தைக் கண்டுபிடித்தேன். அரிசி மூட்டைகளை ஒதுக்கிவிட்டுப் போய் அங்கே நின்றேன். இரண்டு வரிசை மட்டும் நிறம் மாறித் தெரிகிற அந்தச் செங்கலில் உள்ளங்கையை வைத்தேன். குளிர்ந்து கிடந்தது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன்.

தட்டிப் பார்க்கவில்லை.